இடமும் பொழுதும் அறியும் கருவிகள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

இடம், பொருள், ஏவல் அறிந்து பேசுக என்பது நம் முன்னோர் வகுத்த நடைமுறை. ஒரே சொல் ஓரிடத்தில் உதவியாகவும் வேறோரிடத்தில் இடையூறாகவும் அமைவதுண்டு. மனிதர்க்கு உரியதாகக் கருதப்பட்ட இவ்வறிவை இன்று கருவிகளும் பெற்று வருகின்றன. தன்னைச் சுற்றியுள்ள சூழலை உணர்ந்து, அதற்கேற்பச் செயல்படும் கணினித் தொழில்நுட்பத்தைச் 'சூழலறி கணிமை' என்பர். அது எவ்வாறு இயங்குகிறது? தமிழகத்தில் எவ்வாறு உயிர் காக்கிறது? அதன் எல்லை யாது? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

அறிமுகம்

வேலூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது அமிர்தி. காடும் ஓடையும் அருவியும் வன உயிரினப் பூங்காவும் கொண்ட அவ்வூருக்குப் பேருந்தில் செல்லும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் கையிலுள்ள திறன்பேசி வழிநெடுகத் தன் சூழலைக் கணித்தவாறே வருகிறது. ஒரு கோபுரத்தின் அலையிலிருந்து அடுத்த கோபுரத்தின் அலைக்கு மாறுகிறது. மர நிழலில் திரையின் ஒளியைக் குறைக்கிறது. கிடைமட்டமாகத் திருப்பினால் படத்தையும் திருப்பிக் காட்டுகிறது. சென்றடைய இன்னும் எத்தனை மணித்துளிகள் ஆகும் என்று சொல்கிறது. மலை மடிப்புக்குள் நுழைந்து அலை எட்டாமற்போனால் அதனையும் அறிவிக்கிறது.

ஆயினும், மலைமேல் பெய்த மழையால் ஓடையில் வெள்ளம் பெருகி வருகிறதா என்பதை அத்திறன்பேசி தானாக அறியாது. திரையின் ஒளியைச் சரிசெய்யும் கருவி, அதை வைத்திருப்பவருக்கு உண்மையில் எது இன்றியமையாததோ அதனைச் சொல்லத் தவறக்கூடும். ஆதலின் சூழலறி கணிமையின் தரத்தை, ஒரு கருவி எத்தனை செய்திகளைத் திரட்டுகிறது என்பதைக் கொண்டு அளப்பது பொருந்தாது. உரிய செய்தியை, உரியவருக்கு, உரிய இடத்தில், உரிய பொழுதில் அது சேர்க்கிறதா என்பதே அளவுகோல்.

சூழல் என்பது யாது?

தமிழ் இலக்கணத்திற்குச் சூழல் என்னும் கருத்து புதிதன்று. அகப்பொருளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனப் பகுத்த தொல்காப்பியம், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டது. எந்த நிலம், எந்தப் பெரும்பொழுது, எந்தச் சிறுபொழுது என்பதை அறிந்த பின்னரே பாடலில் வரும் ஒருவரின் கூற்றுக்குப் பொருள் முழுமை பெறும். திருக்குறளில் காலமறிதல், இடனறிதல் என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதும் எண்ணத்தக்கது.

கணினி அறிவியலில் சூழல் என்பதற்கு ஆய்வாளர் அனிந்த் டே 2001ஆம் ஆண்டு விரிவான வரையறை ஒன்றைத் தந்தார். ஒரு மனிதரின், இடத்தின் அல்லது பொருளின் நிலையை விளக்கப் பயன்படும் எந்தத் தகவலும் சூழலே என்பது அதன் சாரம். அவ்வாறாயின் இடம், நேரம், வெப்பநிலை, ஒளி, ஓசை, அசைவு, அருகிலிருப்போர், செய்துகொண்டிருக்கும் வேலை ஆகிய அனைத்தும் சூழலாகும். எனினும் இவை யாவும் எல்லா வேளையிலும் தேவைப்படா. பயனரின் அப்போதைய பணிக்கு எது தொடர்புடையதோ அதனைத் தேர்ந்தெடுப்பதே இத்துறையின் அருஞ்செயல்.

கருத்து வளர்ந்த வரலாறு

அமெரிக்காவின் ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த மார்க் வைசர், 1991ஆம் ஆண்டு 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மேசைமேல் வீற்றிருந்து மனிதரின் முழுக் கவனத்தையும் கேட்கும் கணினி மறைந்து, சுவரிலும் சட்டைப்பையிலும் பொருள்களிலும் கண்ணுக்குத் தெரியாமல் கணினிகள் கலந்துவிடும் காலம் வரும் என்று அதில் அவர் கணித்தார். இதுவே 'எங்கும் நிறை கணிமை' எனப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில், பணியாளர்கள் அணியும் சிறு வில்லை ஒன்று உருவாக்கப்பட்டது. அவ்வில்லை 15 நொடிகளுக்கு ஒருமுறை அகச்சிவப்புக் குறிப்பலையை வெளியிடும். அறைகளில் பொருத்தப்பட்ட உணரிகள் அதனைப் பெற்று, அவர் எந்த அறையில் உள்ளார் என்பதைக் கணினிக்குத் தெரிவிக்கும். அவருக்கு வரும் தொலைபேசி அழைப்பு அவர் அருகிலுள்ள தொலைபேசிக்குத் திருப்பப்படும். பின்னர் 1994இல் பில் ஷிலிட், மார்வின் தெய்மர் ஆகியோர் தம் ஆய்வுக் கட்டுரையில் 'சூழலறி' என்னும் பொருள்படும் சொல்லாட்சியைக் கையாண்டனர். அச்சொல்லே இத்துறைக்குப் பெயராயிற்று.

கருவி எவ்வாறு அறிகிறது?

சூழலறி கருவியின் செயல்பாட்டை உணர்தல், பொருள்கொள்ளல், செயற்படல் என மூன்று படிநிலைகளாகப் பகுக்கலாம்.

முதற்படி உணர்தல். திறன்பேசியிலுள்ள முடுக்கமானி அசைவையும் சாய்வையும் அளக்கிறது. அண்மை உணரி, கருவி காதருகே சென்றதை அறிந்து திரையை அணைக்கச் செய்கிறது. செயற்கைக்கோள் குறிப்பலைகளைப் பெறும் பகுதி இருப்பிடத்தைக் கணிக்கிறது. இதற்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் அலைகள் தேவை. திறந்தவெளியில் சில மீட்டர் அளவுக்குத் துல்லியமாகும் இக்கணிப்பு, அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் மலையிடுக்கிலும் பிழைபடும். கைப்பேசிக் கோபுரத்தைக் கொண்டு இடத்தை அறியலாம். ஆனால் கோபுரங்கள் தொலைவில் அமைந்த ஊர்ப்புறங்களில் அதன் பிழை கிலோமீட்டர் அளவிற்கும் செல்லக்கூடும்.

இரண்டாம் படி பொருள்கொள்ளல். உணரி தருவது வெறும் எண். அந்த எண்ணுக்குப் பொருள் தருவது சூழல். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு திறன்பேசி நகர்கிறது என்றால், அது சாலையின்மீது நகரும்போது பேருந்துப் பயணம் என்றும், இருப்புப்பாதையின்மீது நகரும்போது தொடர்வண்டிப் பயணம் என்றும் கொள்ளப்படும். ஓர் உணரியின் அளவை மற்றோர் உணரியின் அளவோடும் நேரத்தோடும் இடத்தோடும் இணைத்துப் பார்த்தே கருவி முடிவுக்கு வருகிறது.

மூன்றாம் படி செயற்படல். கருவி ஒன்றைத் தானே செய்யலாம்; மனிதருக்குத் தெரிவிக்கலாம்; ஒன்றும் செய்யாமல் அமைதி காக்கவும் செய்யலாம். தேவையற்ற வேளையில் வாளாவிருத்தலும் சூழலறிவின் ஒரு கூறாகும்.

தெரிந்து தெளிவோம்

எச்சரிக்கைக் கருவிகள் இருவகையில் பிழை செய்யக்கூடும். இடர் இல்லாதபோது ஒலிப்பது பொய் எச்சரிக்கை. இடர் உள்ளபோது ஒலிக்காதிருப்பது தவறிய எச்சரிக்கை. 'புலி வருது' கதையில் நிகழ்ந்ததுபோலப் பொய் எச்சரிக்கைகள் மிகுந்தால், உண்மை எச்சரிக்கையையும் மக்கள் பொருட்படுத்தார்.

வால்பாறையின் சிவப்பு விளக்குகள்

சூழலறி கணிமைக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்னும் எண்ணத்தை மாற்றியது கோயம்புத்தூர் மாவட்டத்தின் வால்பாறை. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அப்பீடபூமியில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே சிறுசிறு காடுகள் எஞ்சியுள்ளன. யானைகள் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டிற்குத் தோட்டங்களின் ஊடே செல்கின்றன. மாலையில் பேருந்திலிருந்து இறங்கி இருளில் வீடு நோக்கி நடக்கும் தொழிலாளர்கள், யானை நிற்பதை அறியாமல் அதன் அருகே சென்று உயிரிழந்த நிகழ்வுகள் தொடர்ந்தன. யானை இருப்பதை முன்னரே அறிந்திருந்தால் இவற்றுள் பல தவிர்க்கப்பட்டிருக்கும்.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவர்தம் குழுவினரும் யானைகளின் நடமாட்டத்தைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பதிவு செய்தனர். யானை உள்ள இடம், 2006 முதல் உள்ளூர்க் கம்பிவடத் தொலைக்காட்சியில் மாலைவேளையில் ஓடும் எழுத்துகளாக அறிவிக்கப்பட்டது. பின்னர் 2011 முதல் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. யானைக்கூட்டம் நிற்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுற்றளவில் வாழ்வோர்க்கே அச்செய்தி செல்லும். எழுத்தறியாதோர்க்குத் தமிழில் குரலழைப்பு செல்லும். இவற்றோடு, மக்கள் எளிதில் காணும் உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் நிறுவப்பட்டன. பதிவு செய்யப்பட்ட கைப்பேசி எண்ணிலிருந்து அவற்றை ஒளிரச்செய்ய இயலும். விளக்கு எரிந்தால் அருகில் யானை உள்ளது என்பது பொருள். நாளடைவில் ஊர்மக்களே யானையைக் கண்டவுடன் விளக்கை இயக்கத் தொடங்கினர். உயிரிழப்புகள் குறைந்தன. இப்பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015ஆம் ஆண்டு விட்லி விருது வழங்கப்பட்டது.

இத்திட்டத்தில் யானையின் இடத்தை உணர்ந்தவர்கள் களப்பணியாளர்களும் வனத்துறையினரும் ஊர்மக்களுமே. செய்தியைப் பெற்றவை எளிய கைப்பேசிகள். எனினும் சூழலறி கணிமையின் மூன்று படிநிலைகளும் இதில் முழுமையாக உள்ளன. வால்பாறை முழுமைக்கும் அச்செய்தியை அனுப்பியிருந்தால், நாள்தோறும் வரும் எச்சரிக்கையை மக்கள் விரைவில் புறக்கணித்திருப்பர். யாருக்கு அனுப்பவேண்டும் என்பதோடு யாருக்கு அனுப்ப வேண்டுவதில்லை என்பதையும் வகுத்ததே இதன் வெற்றிக்குக் காரணம்.

கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில் இதே நோக்கம் வேறொரு வடிவம் பெற்றது. யானைகள் இருப்புப்பாதையைக் கடக்கும்போது தொடர்வண்டி மோதி இறப்பதைத் தடுக்க, செயற்கை நுண்ணறிவுடன் இயங்கும் முன்னெச்சரிக்கை அமைப்பு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 12 கோபுரங்களில் பொருத்தப்பட்ட வெப்ப ஒளிப்படக் கருவிகள் இருளிலும் யானையை இனங்காண்கின்றன. யானை பாதையிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பொறுத்து எச்சரிக்கையின் நிலை மாறுகிறது. செய்தி வனத்துறையினருக்கும் இரயில்வே ஊழியருக்கும் செல்கிறது.

அலை எட்டாத கடல்

சூழலை அறிந்தாலும் செய்தி சென்று சேரவில்லையெனில் பயனில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரையிலுள்ள கைப்பேசிக் கோபுரத்தின் அலை கடலுக்குள் குறிப்பிட்ட தொலைவு வரையே செல்லும். அதற்கு அப்பால் இருந்தோரை எச்சரிக்கை எட்டவில்லை. கரையில் இருந்தோர் புயலை அறிந்திருந்தனர்; புயலின் பாதையில் இருந்தோர் அறிந்திலர். கரை திரும்பாதோரின் குடும்பங்களுக்கு அவ்வேறுபாடே வாழ்நாள் துயரமாயிற்று.

இதன் பின்னர்ச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் முயற்சிகள் விரைவுற்றன. 'ககன்' செயற்கைக்கோள் அலைகளைப் பெற்று மீனவரின் திறன்பேசிக்குச் செய்தியை அளிக்கும் 'ஜெமினி' என்னும் கருவி 2019 அக்டோபரில் அறிமுகமானது. கோபுர அலை இல்லாத இடத்திலும் புயல் எச்சரிக்கையும் மீன்வளமிக்க பகுதி பற்றிய செய்தியும் இதன்வழிக் கிடைக்கும். ஆயினும் இது ஒருவழித் தொடர்பே. மீனவர் மறுமொழி அனுப்ப இயலாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மீனவ நண்பன் செயலியோ அலையின் உயரம், காற்றின் வேகம் ஆகியவற்றைச் சொல்வதோடு, படகு பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கவும் செய்கிறது. ஒரே கடலில் செல்லும் இரு படகுகளுள் எல்லையை நெருங்கும் படகுக்கு மட்டும் மணி ஒலிப்பதே சூழலறிவு.

தோல் தொழிலும் உணரிகளும்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பாலாற்றுப் பகுதி தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பல்லாயிரவர்க்கு வாழ்வளிக்கும் இத்தொழிலின் கழிவுநீர், நிலத்தடி நீரையும் விளைநிலத்தையும் கெடுத்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே அதன் விலையை ஏற்கவேண்டும் என்னும் நெறியையும், தீங்கு நேருமுன் காக்கவேண்டும் என்னும் நெறியையும் நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014ஆம் ஆண்டு, மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த அறிவுறுத்தியது. அவ்வகைகளுள் தோல் பதனிடுதலும் ஒன்று. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் நீரை அளப்பதற்கு மாறாக, நீரின் ஓட்டமும் தன்மையும் இடைவிடாது அளக்கப்பட்டு வாரியத்தின் கணினிக்குச் செல்கின்றன. இங்கும் எண்ணுக்குப் பொருள் தருவது சூழலே. ஒரு குழாயில் நீரோட்டம் திடீரென உயர்ந்தால், பெருமழை பெய்யும் நாளில் அதற்கு ஒரு பொருள். வறண்ட நாளின் நள்ளிரவில் அதற்கு வேறொரு பொருள்.

இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு தொழிலாளரின் உயிர்காப்பில் உள்ளது. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சல்பைடு உப்புகள் பயன்படுகின்றன. சல்பைடு கலந்த கழிவோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வளி உண்டாகிறது. தேங்கிய கசடு அழுகும்போதும் அது வெளிப்படுகிறது. காற்றைவிடக் கனமான அவ்வளி குழிகளிலும் தொட்டிகளிலும் தங்கிவிடும். சிறிதளவில் அழுகிய முட்டையின் நாற்றம் கொண்டிருக்கும். செறிவு மிகும்போது முகரும் உணர்வையே மழுங்கச் செய்யும். நாற்றம் நின்றது கண்டு இடர் நீங்கியது என்று எண்ணிக் குழிக்குள் இறங்குவோர் உயிரிழக்க நேரிடும். மயங்கி விழுந்தவரை மீட்க இறங்கும் உடன்பணியாளரும் அதே முடிவை அடைவதுண்டு.

மனிதப் புலன் பொய்க்கும் இவ்விடத்தில் உணரி உதவுகிறது. 8 மணி நேரப் பணிக்கு இவ்வளியின் ஏற்கத்தக்க சராசரி அளவு, பத்து இலட்சம் பங்குக் காற்றில் 10 பங்கு எனத் தொழிற்சாலைகள் சட்டம் குறித்தது. மார்பில் அணியும் வளியறி கருவி, குறித்த அளவு மிஞ்சினால் ஒலித்தும் ஒளிர்ந்தும் அதிர்ந்தும் எச்சரிக்கும். சில கருவிகளில் முடுக்கமானியும் உண்டு. அணிந்தவர் குறிப்பிட்ட நேரம் அசைவின்றி இருந்தால் அது தானே பிறரை அழைக்கும். அசைவின்மை மட்டும் ஓய்வைக் குறிக்கலாம். வளியின் செறிவு, குழி என்னும் இடம், அசைவின்மை ஆகிய மூன்றும் ஒருங்கே சேரும்போது அது உயிருக்கு நேர்ந்த இடர் எனப் பொருள்படுகிறது. சூழலறிவு என்பது இத்தகைய இணைப்பே.

எனினும் கருவி இருப்பதனாலேயே குழிக்குள் ஒருவரை இறக்குதல் முறையாகாது. கழிவுநீர்த் தொட்டிகளிலும் பாதாளச் சாக்கடைகளிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்கித் தூய்மை செய்விப்பதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. மனிதர் இறங்க வேண்டாதபடி பணியை மாற்றியமைப்பதே முதற்காப்பு. கருவி அதற்கு அடுத்த காப்பு.

ஆளை அறியாமல் இடத்தை அறிதல்

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் பாய்ந்தது. இத்தகைய வேளையில் ஆற்றங்கரையில் இருப்போர் அனைவரையும் ஒரே நேரத்தில் எச்சரிக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே குறுஞ்செய்தி அனுப்பினால் நெரிசல் ஏற்பட்டுக் காலம் தாழும். வெளியூரிலிருந்து வந்தவர் பட்டியலில் விடுபட்டுப்போவார்.

இதற்குத் தீர்வாக அமைவது கோபுரவழிப் பரப்பு முறை. இதில் எச்சரிக்கை எண்களுக்குச் செல்வதில்லை. குறிப்பிட்ட கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள, இம்முறையை ஏற்கும் எல்லாக் கைப்பேசிகளும் அதனை ஒரே நேரத்தில் பெறுகின்றன. உரத்த ஒலியோடு செய்தி திரையில் தோன்றுகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் 2023ஆம் ஆண்டு நாட்டின் பல மாநிலங்களில் இதற்கான சோதனைச் செய்திகளை அனுப்பின.

இம்முறையின் சிறப்பு ஒன்றை மாணவர் உற்றுநோக்க வேண்டும். செய்தியைப் பெற்றவர் யார், அவர் எண் யாது, நேற்று எங்கிருந்தார் என எதனையும் இவ்வமைப்பு அறியவேண்டிய தேவையில்லை. அவர் இப்போது வெள்ளப் பகுதியில் உள்ளார் என்பதே போதும். ஆளைப் பின்தொடராமலும் சூழலை அறிய இயலும் என்பதற்கு இது சான்று.

அறிவதற்கும் எல்லை உண்டு

கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் அணியப்பட்ட வில்லை தொலைபேசி அழைப்பைத் திருப்ப உதவியது. அதே வில்லை, பணியாளர் எத்தனை முறை எழுந்து சென்றார் என்பதையும் பதிவு செய்ய வல்லது. இடத்தையும் நேரத்தையும் தொடர்ந்து திரட்டினால் ஒருவரின் வீடு, பணியிடம், வழிபாட்டிடம், உடல்நலம், நட்பு ஆகிய யாவற்றையும் ஊகித்துவிடலாம். உதவும் கண் வேவுபார்க்கும் கண்ணாக மாறுவது இங்கேதான்.

நீதியரசர் புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அடங்கிய அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்து 2023இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. குறித்த நோக்கத்திற்குத் தேவையான தரவை மட்டும் பெறுதல், பயனரின் இசைவைக் கேட்டல் ஆகியவை அதன் இன்றியமையாக் கூறுகள். ஒளிவிளக்குச் செயலி ஒன்று இருப்பிடத்தை அறிய இசைவு கேட்டால், விளக்கு எரிய இடம் எதற்கு என்று வினவும் பழக்கம் ஒவ்வொரு பயனருக்கும் வேண்டும்.

நிறைவாக

வால்பாறையின் விளக்கும், கடலில் ஒலிக்கும் எல்லை மணியும், தோல் ஆலைத் தொழிலாளியின் மார்பிலுள்ள கருவியும் ஒரே நெறியில் இயங்குகின்றன. இடரின் எல்லைக்குள் நிற்பவருக்கு, அவர் தப்புவதற்கு நேரம் இருக்கும்போதே, அவருக்குப் புரியும் வடிவில் செய்தியைத் தருகின்றன. அந்நெறியை வகுத்தவர்கள் மக்களோடு பழகி, அவர்கள் எங்கே நடக்கிறார்கள், எப்போது திரும்புகிறார்கள், எதனைக் காண்பார்கள் என்பதை அறிந்தவர்கள். நாளை கருவிகளை உருவாக்கப்போகும் மாணவர்கள் நிரலை எழுதுமுன் அம்மனிதரின் நிலத்தையும் பொழுதையும் அறிந்துகொள்ள வேண்டும். எந்தத் தரவைத் திரட்டலாம் என்று எண்ணுவதற்கு முன், எது இல்லாமல் ஒருவர் உயிரிழக்கிறார் என்று வினவுதல் வேண்டும்.

கலைச்சொல் அறிவோம்

சூழலறி கணிமை – சூழ்நிலையை உணர்ந்து அதற்கேற்பச் செயல்படும் கணினித் தொழில்நுட்பம்
எங்கும் நிறை கணிமை – அன்றாடப் பொருள்களில் கணினி கலந்து இயங்கும் நிலை
உணரி – ஒளி, வெப்பம், அசைவு முதலியவற்றை அளந்து தெரிவிக்கும் உறுப்பு
முடுக்கமானி – அசைவையும் சாய்வையும் அளக்கும் உணரி
கோபுரவழிப் பரப்பு – கோபுர எல்லைக்குள் உள்ள கைப்பேசிகளுக்கு ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் முறை

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மழை, வெள்ளம், வன விலங்கு, தொழிற்சாலை ஆகியவற்றால் நேரக்கூடிய இடர் ஒன்றைத் தேர்ந்து, அது குறித்து யாரை, எப்போது, எவ்வாறு எச்சரிக்கலாம் எனக் குழுவாகக் கலந்துரையாடுக.
2. ஒரு திறன்பேசியில் உள்ள 5 செயலிகள் எவ்வெவ் இசைவுகளைப் பெற்றுள்ளன எனப் பட்டியலிட்டு, அவை தேவையானவையா என வகுப்பில் விவாதிக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. தொல்காப்பியம் முதற்பொருளாகக் கொள்பவை
அ) நிலமும் பொழுதும் ஆ) தெய்வமும் உணவும் இ) புணர்தலும் பிரிதலும் ஈ) மரமும் பறவையும்

2. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) ஜெமினி – யானை எச்சரிக்கை ஆ) மதுக்கரை – புயல் எச்சரிக்கை இ) வால்பாறை – சிவப்பு விளக்கு ஈ) கேம்பிரிட்ஜ் – கழிவுநீர்க் கண்காணிப்பு

குறுவினா

1. சூழலறி கருவியின் மூன்று படிநிலைகள் யாவை?
2. பொய் எச்சரிக்கை, தவறிய எச்சரிக்கை வேறுபடுத்துக.

சிறுவினா

1. நாற்றம் நின்றதைக் கொண்டு குழிக்குள் இடரில்லை என முடிவு செய்வது ஏன் தவறாகும்? விளக்குக.
2. கோபுரவழிப் பரப்பு முறை தனியுரிமையைக் காக்கும் வகையைச் சுட்டுக.

நெடுவினா

1. உரியவருக்கு உரிய பொழுதில் செய்தியைச் சேர்ப்பதே சூழலறி கணிமையின் பயன் என்பதை வால்பாறை, கன்னியாகுமரி நிகழ்வுகளை ஒப்பிட்டு நிறுவுக.